ஓட்டுநர் நீங்கலாக

அந்த வெள்ளை வண்டி அன்றைக்கு நாலாவது தடவையாக வருவதை அவள் தூரத்திலேயே கண்டுகொண்டாள். கட்டிய புருஷனின் வண்டியை அடையாளம் காண ஒருத்திக்கு நம்பர் பலகையா வேண்டும்? முன்பக்கம் இடது விளக்குக்குக் கீழே, போன வருஷம் சுவரில் உரசிய வடு இருந்தது. ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, சாலையையே தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டது போல ஓட்டிவரும் ஆள் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான் உண்டு.

கூடாரத்துக்கு நேரே வந்ததும் வண்டி வேகம் குறைந்தது. இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அவளைப் பார்த்துப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்கிவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே, ஒத்தைக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வாங்கிய ஓட்டுநரின் வண்டி, அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. ஐந்து வண்டியிலும் ஓட்டுகிறவரைத் தவிர ஈ காக்கை கிடையாது.

மடியில் இருந்த தாளில் ‘வாடகை வண்டி’ என்ற கட்டத்தில் அவள் ஐந்து கோடு போட்டாள். பக்கத்தில் ‘ஆட்கள்’ என்ற கட்டத்தில் ஐந்து சைபர் போட்டாள். ஒவ்வொரு சைபருக்கும் கை கூசியது.

“என்னக்கா, உங்க ஊர் டிரைவருங்க எல்லாம் காத்து வாங்கப் போறாங்களா? காலையிலேருந்து காலி வண்டியாவே போகுது, வருது” என்றான் மேற்பார்வைக்கு வந்திருந்தவன். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாள்களை அடுக்கிக் கட்டுவது அவன் வேலை.

“தெரியலயேப்பா. வெயிலுக்கு மூளை கலங்கிப் போச்சோ என்னவோ” என்றாள் அவள். பொய் சொல்லும்போது தாளைப் பார்த்துக்கொள்வது அவள் வழக்கம்.

ஊருக்கு வெளியே எட்டாவது கிலோமீட்டரில், பெருநகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தக் கூடாரத்தைப் போட்டிருந்தார்கள். இரண்டு நகரங்களுக்கும் நடுவே அதிவேக ரயில் விடலாமா என்று பார்க்கிறார்களாம். அதற்கு முன்னால் இப்போது யார், எதில், எதற்காகப் போகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். ஏழு நாள் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களாகப் பார்த்து எட்டுப் பேரைப் பிடித்து, ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டி உட்காரவைத்திருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். வாயைத் திறந்தால் மண். மத்தியானச் சோற்றை முந்தானைக்குள் ஒளித்துவைத்துத் தின்ன வேண்டியிருந்தது, ஏதோ திருடித் தின்பதைப் போல.

முதல் நாள் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். எந்த வண்டிக்கு எந்தக் கட்டம், உள்ளே இருக்கும் தலைகளை எப்படிச் சட்டென்று எண்ணுவது, பத்தாவது வண்டியை ஓரங்கட்டி ஒருவரை மட்டும் இறக்கி எப்படிக் கேள்வி கேட்பது எல்லாம் சொன்னார்கள். தாளின் தலைப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வாடகை வண்டிகளில் ஆட்களை எண்ணும்போது ஓட்டுநர் நீங்கலாக.

அவள்தான் கையைத் தூக்கினாள். “சார், டிரைவரும் ஒரு ஆள்தானே?”

“ஆள்தாம்மா, யார் இல்லன்னது? ஆனா அவரு பயணம் போகல. போறவங்களைக் கொண்டு போறாரு. நமக்குப் பயணம் போறவங்க கணக்குத்தான் வேணும்.”

சரி என்று தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சாலையில் தினமும் போய்வருகிற மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவள் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

அவருக்கு நாலரை என்று பெயர் வைத்தது வண்டி நிறுத்தத்து ஆட்கள். பெருநகரம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்டாலும் ‘நாலரை மணி நேரம்’ என்பார். நாலரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவார். மழையானாலும் நெரிசலானாலும் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். காலையில் தன் முறை வந்ததும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, அவரவர் வாசலில் இறக்கிவிட்டு, மத்தியானம் வேறு ஆறு பேரோடு திரும்புவார். ராத்திரி இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு குப்புறப் படுப்பார். அவருடைய முதுகைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அவருடைய முகத்தைப் பற்றிக்கூடத் தெரியாது.

ரயில் பேச்சு வந்ததிலிருந்து அந்த முகமும் சுண்டிப்போயிருந்தது. ஒரு மணி பத்து நிமிஷத்தில் போய்விடுமாம். அந்த நேரத்துக்குள் வழியில் முதல் டீக்கடையைக்கூட நாலரை தாண்டியிருக்க மாட்டார். ஆறு மாசமாக வீட்டில் சிரிப்பு இல்லை. டிவியில் ரயில் படம் காட்டினால் எழுந்து போய்க் காலைக் கழுவுவார். ஐம்பத்தொரு வயசில் வண்டி ஓட்டுவதைத் தவிர எதுவும் தெரியாத மனுஷன் வேறு எங்கே போவார்?

எண்ணும் வேலையின் இரண்டாம் நாள் சாயங்காலம்தான் அவர் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

“இந்தா, நாளையிலேருந்து உனக்கு வேலை ஜாஸ்தி. கை வலிக்க வலிக்கக் கோடு போடப் போற.”

“ஏன், என்னாச்சு?”

“நிறுத்தத்துல எல்லாரும் சேந்து பேசிட்டோம். முப்பத்திரண்டு வண்டியும். நம்ம முறை வர்றதுக்கு ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் சும்மாதானே உக்காந்திருக்கோம்? அந்த நேரத்துல ஒரு சுத்து. உங்க கூடாரத்தைத் தாண்டிப் போறது, வளைவுல திருப்பி வர்றது. போக ஒண்ணு, வர ஒண்ணு.”

“எதுக்கு?”

“எதுக்கா? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே ரோட்டுல சொகுசு பஸ்ஸு விட்டானே, ஞாபகம் இருக்கா? மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டு, ஆளுங்களை வச்சு எண்ணினான். பஸ்ஸுல ஆள் இல்ல, எல்லாம் நம்ம வண்டியிலதான் இருக்காங்கன்னு தெரிஞ்சதும் மூட்டை கட்டிட்டான். இப்பவும் அதேதான். ரோடு பூரா வண்டியா ஓடுதுன்னு தாள்ல வரட்டும். ‘அட, இவங்களே போதும், நமக்கு எதுக்கு ரயிலு’ன்னு போயிடுவான்.”

“யாரு சொன்ன யோசனை இது?”

“யாரு சொல்லுவா?” என்று அவர் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினார். “ஒத்தைக்கண்ணாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ‘அண்ணே, நீங்க படிச்சிருந்தா கலெக்டரு’ங்கிறான்.”

அவளுக்கு அந்தப் பொடி எழுத்து வரி கண்முன்னே வந்து நின்றது. வெறும் வண்டி எத்தனை தடவை ஓடினாலும் ஆட்கள் கட்டத்தில் சைபர்தான் விழும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இன்னைக்கு என்ன, கமகமன்னு வருது?” என்றார். வந்தது வழக்கமான குழம்புதான். ஆறு மாசமாக அதே குழம்பைக் குனிந்த தலை நிமிராமல் தின்றவர், அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு சோறு போட்டாள். சைபர்தானே, அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்படித்தான் அந்த ஊர்வலம் தொடங்கியது. வண்டி நிறுத்தத்தில் முறைச்சீட்டு எழுதுகிறவரே சுற்றுக்கும் முறை போட்டுக்கொடுத்தாராம். காலையில் எட்டு வண்டி, வெயிலில் பத்து வண்டி, சாயங்காலம் மிச்சம். கூடாரத்தைத் தாண்டும்போது ஒவ்வொருத்தரும் ஹாரன் அடித்தார்கள். “அண்ணி, போட்டாச்சா?” என்று கத்திக்கொண்டு போனார்கள். அவள் கோடு போட்டாள், சைபர் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் விஷயம் தெரியும். “ஏன்டி, சொல்லித் தொலையேன். டீசலைக் கொட்டிக்கிட்டு அலையுறாங்களே பாவிங்க” என்றாள் அவள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் இவள். நாளைக்கும் அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

கேள்வி கேட்கும் வேலைதான் அதைவிடக் கொடுமை. பத்தாவது வண்டியைப் போலீஸ்காரர் ஓரங்கட்டுவார். ஒருவர் இறங்கி வந்து மேஜைக்கு முன்னால் உட்காருவார். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன வேலையாக, மாதத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஆகிறது. கடைசியில் அந்தக் கேள்வி: ஒரு மணி பத்து நிமிஷத்தில் போகும் ரயில் இருந்தால் அதில் போவீர்களா, இதே வண்டியில்தான் போவீர்களா?

சொந்தக் காரில் பெண்டாட்டி, பிள்ளை, மூட்டை முடிச்சோடு போகிறவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். ஸ்டேஷனுக்குப் போகணும், அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்கணும், நாலு பேருக்கு நாலு டிக்கெட் எடுக்கணும், இதுவே தேவலை என்றார்கள். வாடகை வண்டியில் பங்கு போட்டுப் போகிறவர்கள் யோசிக்கவே இல்லை. நாலரையின் வண்டியில் வாரத்துக்கு இரண்டு தடவை பெருநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வாத்தியார் ஒருவர் உண்டு. சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வருகிறவர். திரும்பும்போது துவண்டுபோய்க் கிடப்பார், நாலரை அவருக்காகவே முன்சீட்டைச் சாய்த்து வைத்திருப்பார். அந்த வாத்தியார் ஒருநாள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ரயில்னு எழுதும்மா” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். ஆனா நாலரை மணி நேரம் உக்கார உடம்புல தெம்பு இல்லம்மா. தப்பா நினைச்சுக்காதே” என்றார்.

“நான் நினைக்க என்ன சார் இருக்கு? எழுதுறதுதான் என் வேலை” என்றாள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் ஆட்களோடு பெருநகரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலரையின் வண்டியே பத்தாவதாக வந்து மாட்டிக்கொண்டது. அவருக்கு ஒரே பெருமை. சீட்டில் இருந்தபடியே போலீஸ்காரரிடம், “நம்ம வீட்டம்மாதான்” என்று அவளைக் காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இறங்கக் கூடாது என்பது விதி. பின்சீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்தது அவர்கள் மகள். பெருநகரத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறவள், இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை அப்பா வண்டியில் வீட்டுக்கு வருவாள்.

“ஐயோ அம்மா, இந்தச் சட்டையில நீ ரோடு போடுற ஆள் மாதிரி இருக்கே” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

“ஒழுங்கா உக்காருடி. எங்கேர்ந்து வர்றீங்க?”

“உனக்குத் தெரியாதா?”

“கேட்டுத்தான் எழுதணும். சொல்லு.”

மகள் சொன்னாள். என்ன வேலையாக? படிப்பு. மாதத்துக்கு எத்தனை தடவை? அரைத் தடவை என்று எழுதலாமா என்று மகள் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். மகள் திரும்பி வண்டியைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நிஜத்தைச் சொல்லணுமாம்மா?”

“நிஜத்தைத்தான் சொல்லணும்.”

“ரயில்தாம்மா. ஒரு மணி நேரம்னா நான் வாராவாரம் வந்துடுவேனே. வெள்ளிக்கிழமை கிளாஸ் முடிஞ்சு கிளம்பினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பேன்.” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அப்பா கண்ணு சொக்குதும்மா இப்பெல்லாம். அவருக்குத் தூக்கம் வராம இருக்க நான் வழிபூரா பேசிக்கிட்டே வர்றேன். இன்னைக்கு லாரிக்குப் பின்னாடி, இவ்வளவு கிட்ட… நான் கத்திட்டேன். அதையும் அவர்கிட்ட சொல்லாத, இதையும் சொல்லாத.”

அவள் ‘ரயில்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள். குறி கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. பெற்ற மகளின் வாக்கைப் புருஷனுக்கு எதிராகத் தன் கையாலேயே எழுதவைத்த வேலையை மனசுக்குள் சபித்தாள். அந்த மகள் வாராவாரம் வீட்டுக்கு வருவாள் என்ற நினைப்பில் அதே மனசு துள்ளியதையும் அவளால் தடுக்க முடியவில்லை.

ஏழு நாள் முடிந்தது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். எட்டு மாசம் கழித்து, மழைக்காலத்தில், பாதி வழியில் இருக்கும் ஊரில் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று அறிவித்தார்கள். முப்பத்திரண்டு ஓட்டுநர்களும் வண்டியைப் போட்டுவிட்டுப் போனார்கள். நாலரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். “கணக்கு வெளிய வரப் போகுது. நீயும் வா, நீ போட்ட கோடுதானே” என்று அவளையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் பாட்டு.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில். ஓடு ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். பேச வந்தவர் ஒரு பொறியாளர் அம்மாள், நாற்பது வயசு இருக்கும், கடுமையான ஜலதோஷம். பெருநகரத்திலிருந்து காரில் வந்த வழியில் வாந்தி எடுத்ததாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நல்ல மாதிரி. கோபப்பட ஆள் தேடி வந்தவர்களுக்கு அதுவே பெரிய இடைஞ்சல்.

“ரெண்டு ஊருக்கும் நடுவுல இருநூத்தி அறுபது கிலோமீட்டர்” என்றார் பொறியாளர். “விமானத்துக்கு இது கிட்ட. காருக்கு இது தூரம். இந்த மாதிரி தூரத்துக்குத்தான் அதிவேக ரயில் சரியா வரும். ஆனா தூரம் மட்டும் போதாது, ஆள் வேணும். இந்த ரோட்டுல ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் பேர் போறாங்க வர்றாங்க. நாங்க எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி. இவ்வளவு ஆள் இருக்கிறதாலதான் ரயில் விடலாம்னு முடிவுக்கு வந்திருக்கோம். யாருமே போகாத ரோட்டுக்குப் பக்கத்துல ரயில் விடுவாங்களா, நீங்களே சொல்லுங்க?”

மண்டபத்தின் இடதுபக்கம் முழுக்க ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒத்தைக்கண்ணாடி மெதுவாகத் திரும்பி நாலரையைப் பார்த்தார். நாலரையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. சைபர் விஷயம் அவளுக்குத் தெரியும். ஆள் அதிகமானால் ரயில் வரும் என்ற இந்தக் கணக்கு அவளுக்கும் புதுசு.

பொறியாளர் மூக்கைச் சிந்திக்கொண்டு தொடர்ந்தார். குடும்பத்தோடு சொந்தக் காரில் போகிறவர்களில் பாதிப்பேர் காரிலேயே போவார்களாம். பங்கு வண்டியில் போகிறவர்களில் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் ரயிலுக்கு மாறிவிடுவார்களாம். ஆறு வருஷத்தில் வேலை முடியும் என்றார்.

நாலரை எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கம் இல்லாத மனுஷன், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், அந்தக் கணக்கு தப்பு.”

“எது தப்புன்னு சொல்லுங்க ஐயா.”

“ஆளுங்க கணக்கு. நாங்கதான் ஏத்திவிட்டோம். முப்பத்திரண்டு வண்டி. எண்ணின மூணாம் நாள்லேருந்து கடைசி வரைக்கும் வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டே இருந்தோம், திருப்பித் திருப்பி. என் யோசனைதான். வேற யாரு மேலயும் தப்பு இல்ல. கேஸ் போடுறதுன்னா என் மேல போடுங்க. ஆனா அதைக் கழிச்சுடுங்க.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பொறியாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“ஆமா. எட்டாவது கிலோமீட்டர். காலி வாடகை வண்டி ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம். என்னடா இதுன்னு நாங்களும் யோசிச்சோம். ஆனா ஆள் கணக்குல இது வரவே இல்லைங்க. அத்தனையும் சைபர்.”

“சைபரா? வண்டிக்குள்ள நான் இருந்தேனே?”

“நீங்க ஓட்டுநர் ஐயா. பயணி இல்ல. ஓட்டுநரைக் கூட்டிக்கிறது இல்ல.”

“அப்போ கழிக்கிறது…”

“கழிக்க ஒண்ணும் இல்லைங்களே. அந்தப் பதினெட்டாயிரமும் நிஜமான ஆளுங்க.”

நாலரை அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது… கோடு போட்டவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமே. முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிடுவோம்.”

முப்பத்திரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எல்லாரும் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து குடையைத் தேடினார்கள். வெளியே வரும்போது ஒத்தைக்கண்ணாடி மட்டும் பக்கத்தில் வந்து, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணி” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

நாலரை வண்டியை வாசலுக்கே கொண்டுவந்து, மழையில் அவள் நனையாதபடி கதவைத் திறந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஆட்களை ஏற்றிய பழக்கம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கண்ணாடித் துடைப்பானின் சத்தம் மட்டும்தான். லாரிகள் சேற்றை வாரிக் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போயின. ஒரு வளைவில் அவர் இடுப்பை நகர்த்திப் பல்லைக் கடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

“ஏன் சொல்லல?” என்று கேட்டார், சாலையைப் பார்த்தபடியே.

“நீங்க சிரிச்சுக்கிட்டு வந்தீங்க.”

“அதுக்கு?”

“ஆறு மாசமா நீங்க சிரிச்சு நான் பாக்கலங்க. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். ரெண்டாம் தடவை சோறு கேட்டீங்க. எனக்கு மனசு வரல.” அழுதுவிடுவோம் என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “என்னைத் திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க.”

“திட்டி என்ன பண்றது? நீ சொல்லியிருந்தாலும் ரயில் வரும். சொல்லாட்டியும் வரும். நாங்க ஓட்டியிருந்தாலும் வரும், ஓட்டாட்டியும் வரும்.” கொஞ்ச தூரம் போனதும், “நம்ம வண்டியில வர்றவங்களையும் கேட்டிருப்பியே. வாத்தியாரு என்ன சொன்னாரு?” என்றார்.

“ரயில்னாரு.”

“சொல்லாம என்ன பண்ணுவாரு. பாவம், உக்கார முடியல அந்த மனுஷனால.” கியரை மாற்றினார். “அன்னைக்குப் பாப்பாவும் இறங்கி வந்துச்சே.”

மறைத்தது ஒரு தடவை போதும் என்று நினைத்து அவள் சொல்லிவிட்டாள். “ரயில்தான்னு சொன்னா. வாராவாரம் வந்துடுவேன்னு சொன்னா.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். “வரட்டும். வாராவாரம் வந்தா நல்லதுதானே” என்றார். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பது போல, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உண்மையைச் சொல்றேன். எனக்குமே முடியலடி. இந்த இடுப்பை வச்சுக்கிட்டு நானே அந்த ஊருக்குப் போகணும்னா ரயில்லதான் போவேன். என்னை யாரும் கேக்கல.”

“உங்களைக் கேக்கக் கூடாதுன்னு விதிங்க.”

“இப்ப விதி இல்லையே. கேளு.”

“என்னங்க, விளையாட்டா?”

“கேளுடி. எல்லாக் கேள்வியும். அவங்களைக் கேட்டியே, அப்படியே கேளு.”

அவளுக்கு எல்லாம் மனப்பாடம். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் இருந்து கேட்ட குரலை வரவழைத்துக்கொண்டாள். “எங்கேர்ந்து வர்றீங்க?” என்று கேட்டாள். அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். “எங்கே போறீங்க?” பெருநகரத்தின் பெயரைச் சொன்னார். “என்ன வேலையா?”

அவர் முன்னால் போன பஸ்ஸை முந்தினார், மறுபடி இடதுபக்கம் வந்தார்.

“அதுல என்னென்ன இருக்கு?” என்றார்.

“உத்தியோகம், படிப்பு, ஆஸ்பத்திரி, வியாபாரம், சொந்தக்காரங்க வீடு. மத்தது.”

“மத்ததுல போடு.”

“மத்ததுன்னா என்னன்னு எழுதணுங்க.”

அவர் யோசித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார், படிக்கிற பிள்ளையைக் காலேஜ் வாசலில் விட்டிருக்கிறார், ஆறாயிரம் தடவைக்கு மேல் அந்த நகரத்துக்குப் போயிருக்கிறார். அவருக்கென்று அங்கே ஒரு நாளும் ஒரு ஜோலி இருந்ததில்லை. கேட்டிருக்கவே கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மழை விட்டிருந்தது. துடைப்பானை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை, அது காய்ந்த கண்ணாடியில் கறகறவென்று தேய்த்துக்கொண்டே இருந்தது. ஊர் வரும்வரை அவர் யோசித்துக்கொண்டே ஓட்டினார்.